பாலன் பிறந்த இரவில் மாதா சந்நிதியில்

கிறிஸ்துமஸ் இரவுப் பூசையை வேளாங்கண்ணியில் பார்ப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். அப்பாயி தொடங்கி வைத்தது. வாசலில் ஸ்டாரைத் தொங்கவிட்டு, குடிலை ஜோடித்து, 24ஆம் தேதி காலையிலேயே அச்சு முறுக்கு டப்பாவோடு கிளம்பிவிடுவோம். எங்கள் குடிலில் பாலன் இயேசுவின் சுரூபம் வைக்கும் இடம் மட்டும் நாங்கள் திரும்பி வரும்வரை காலியாகவே இருக்கும்.

இந்த முறை நேர்த்திக்கடனும் சேர்ந்துகொண்டது. கல்யாணமாகிப் பல வருடம் கழித்துத் தங்கைக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. பேரனைத் தூக்கிக்கொண்டு வருவேன், மணலில் முழங்காலிலேயே நடப்பேன் என்று அம்மா மாதாவிடம் நேர்ந்திருந்தாள். மூட்டுவலிக்காரிக்கு இது தேவையா என்று கேட்டால் முறைப்பாள்.

நாகப்பட்டினம் தாண்டியதிலிருந்தே வண்டிகள் நகரவில்லை. இறங்கியதும் ரூம் புரோக்கர்கள் பையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒரு லாட்ஜில் சொன்ன வாடகையைக் கேட்டு, அப்பா பேசாமல் வெளித் திண்ணையில் பாயை விரித்துவிட்டார். மெழுகுவர்த்தி விற்கும் பிள்ளைகள் வேறு விடவே இல்லை. சரி, அவர்களுக்கும் பண்டிகைதானே.

சாயங்காலம், மாதா குளத்துக்கும் பேராலயத்துக்கும் நடுவே உள்ள மணல் பாதையில் அம்மா முழங்காலிட்டாள். பழைய சேலையைக் கிழித்து இரண்டு முழங்காலிலும் சுற்றியிருந்தாள். பாதி தூரத்தில் துணி அவிழ்ந்துபோனது, நிற்கவில்லை. நான் கை கொடுக்கப் போனேன். "தொடாதேடா, இது எனக்கும் அவளுக்கும் உள்ள கணக்கு" என்றாள். உதடு மட்டும் அருள்நிறை மரியேயை முணுமுணுத்தபடி இருந்தது. எழுந்தபோது முழங்காலெல்லாம் ஈர மணல் அப்பி, ஒரு பக்கம் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. தங்கை அழுதாள். அம்மா சேலையை உதறிவிட்டு, "பிள்ளைக்குப் பால் கொடுத்தியா?" என்று கேட்டாள்!

இரவுப் பூசைக்குக் கால் வைக்க இடமில்லை. வெளிமாநிலக் கூட்டமும் சேர்ந்து, பக்கத்தில் மலையாளம், பின்னால் தெலுங்கு. 12 மணிக்கு மணிகள் முழங்க, 'உன்னதங்களிலே' பாடலோடு பாலன் சுரூபத்தைக் குடிலில் வைத்தார்கள். பாலனை முத்தி செய்யும், அதாவது முத்தமிடும், வரிசையில் எங்கள் முறை வந்தபோது, தங்கை பிள்ளையைக் குனிய வைத்தாள். அவன் பாலனின் கட்டைவிரலைக் கப்பென்று பிடித்துக்கொண்டான். விடவே மாட்டேன் என்கிறான். பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், தொண்டர் விசில் ஊதுகிறார். அம்மா மட்டும் அப்படியே நின்று சிரித்துக்கொண்டே அழுதாள். மாதாவே, உமக்கு எதைக் கொடுத்து இந்தக் கடனைத் தீர்ப்போம்? கூட்டம், வாடகை, தூக்கமில்லாத இரவு எல்லாம் அந்த நிமிடத்தில் எங்கே போனதோ!

மறுநாள் ஊர் திரும்பலாம் என்றார் அப்பா. அம்மா மறுத்துவிட்டாள். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் கொண்டுபோனவர்களில் எத்தனையோ பேர் எங்களைப் போலப் பிறப்புப் பூசைக்கு வந்தவர்கள். அவர்களுக்கான நினைவுப் பூசையிலும் இருந்துவிட்டுத்தான் பஸ் ஏறினோம். வீட்டுக் குடிலில் பாலன் இரண்டு நாள் தாமதமாகத்தான் பிறந்தார். வைக்கும் பொறுப்பு இனி பேரனுக்காம், அம்மாவின் உத்தரவு.