இழுக்கிறது என்றார்கள்

அவசர மருத்துவ உதவிக்கான தொலைபேசி மையம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். படித்தது செவிலியர் படிப்பு. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நோயாளியின் முகத்தைப் பார்க்க முடியாது, நாடி பிடிக்க முடியாது. காதில் வந்து விழும் வார்த்தைகளை வைத்துக்கொண்டுதான் எல்லாம். அதிலும் நோயின் பெயரை நம்புவதற்கில்லை. தெரிந்தவர்கள் பதற்றத்தில் மாற்றிச் சொல்வார்கள், தெரியாதவர்கள் சொல்லவே மாட்டார்கள். வினைச்சொல் ஒன்றுதான் பிடிமானம்.

திரையில் நோயாளியின் நிலையைக் குறிக்க ஒரு கட்டம் உண்டு. அதில் இருந்த தேர்வுகளில் ஒன்று 'அமைதியின்மை'. யார் பெயர்த்தார்களோ, புண்ணியவான்கள். "எங்கள் அப்பா அமைதியின்மையோடு இருக்கிறார்" என்று ஒருவர்கூட அழைத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. நெளிகிறார், புரள்கிறார், துடிக்கிறார், தவிக்கிறார், உதறுகிறது, முறுக்குகிறது என்றுதான் வரும். அத்தனையும் அந்த ஒரே கட்டத்துக்குள் போய் விழும். முதல் ஆறு மாதம் நானும் அப்படித்தான் தட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் காது திறந்தது. புழு நெளியும். அதே புழு அனலில் விழுந்தால் 'துடித்தது' என்றுதான் சொல்வோம். புழு மாறவில்லை, அதன் பாடு மாறிவிட்டது. நெளிவதில் கொஞ்சம் கூச்சமும் சங்கடமும் கலந்திருக்கும்; கடனைத் திருப்பிக் கேட்டால் நெளிகிறவர்களை நாம் பார்த்ததில்லையா? துடிப்பதில் ஒரு தாளம் உண்டு. இதயம் துடிக்கும், இமை துடிக்கும், கோபத்தில் உதடு துடிக்கும். துடி என்பதே இடை சிறுத்த ஒரு பறையின் பெயர். அதை அடிக்கிற துடியன் புறநானூற்றில் வருகிறான். விட்டு விட்டு அடிக்கிற அந்த அடி வினையிலும் எப்படியோ ஒட்டியிருப்பதாக எனக்குத் தோன்றும். இலக்கணம் படித்தவர்கள் ஒத்துக்கொள்வார்களோ என்னவோ.

சிறுநீரகக் கல் இறங்கும் நோயாளியின் மனைவி பேசினால் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். "உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. எழுந்து நடக்கிறார், மறுபடியும் தரையில் விழுந்து புரள்கிறார்." எந்த வாகில் கிடந்தாலும் அந்த வலி விடாது. உடல் இடம் தேடி அலையும். இதற்கு நேர் எதிர், குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் சீழ் பரவியவர். அவர் புரளமாட்டார். கட்டிலை யாராவது இடித்தாலே கத்துவார். "நேற்றெல்லாம் துடித்தார், இன்றைக்குப் பரவாயில்லை, அசையாமல் படுத்திருக்கிறார்" என்று வீட்டார் நிம்மதியாகச் சொல்லும்போதுதான் எனக்கு அடிவயிறு கலங்கும். குடல்வால் வெடித்ததும் வலி சற்று நேரம் குறைவதுண்டு. அந்த இடைவெளியை நம்பி வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் அநேகம்.

புரள்வதையும் புரட்டுவதையும் குழப்பிக்கொண்டு புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி குறிப்பு எழுதியது நினைவிருக்கிறது. "வயிற்றைப் புரட்டுகிறது" என்று அழைத்தவர் சொன்னது குமட்டலை. இவள் வலியில் உருள்வதாக எழுதிவிட்டாள். சிரித்துவிட்டுத் திருத்தினோம்.

குழந்தைகள் விஷயத்தில் சிரிக்க முடியாது. பச்சிளங்குழந்தை நெளியும், முறுக்கும், முக்கும், முகம் சிவக்கும். முதல் பிள்ளைக்காரி பயந்துபோய் அழைப்பாள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, பால் குடித்து ஏப்பம் விட்டால் தூங்கிவிடும். அதே வாய் "துவண்டு கிடக்கிறது" என்று சொன்னால் மறு கேள்வி கேட்பதற்கு முன்பே வண்டியை அனுப்பிவிடுவேன். வெயிலில் கிடந்த கீரைத்தண்டு மாதிரி, தூக்கினால் கை கால் தொங்குகிற குழந்தை அது. ஆர்ப்பாட்டமான வினைகளைவிட ஓய்ந்துபோன வினைகள்தான் ஆபத்தானவை என்று அந்த நாற்காலியில்தான் தெரிந்துகொண்டேன்.

குளிர்காய்ச்சலில் உதறும், நாலு போர்வை போட்டாலும் பல் கிட்டும். ஆனால் கூப்பிட்டால் பதில் வரும். "தூக்கித் தூக்கிப் போடுகிறது" என்றால் உதறலாகவும் இருக்கலாம், வலிப்பாகவும் இருக்கலாம். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வேன். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் காய்ச்சலோடு வந்தால் காது இன்னும் கூர்மையாகிவிடும். அந்த வயதில்தான் காய்ச்சல் வலிப்பு வரும்.

என்னைக் கவிழ்த்தது 'இழு'. சேர்ந்த புதிது. ஒரு தாய் அழைத்தார். "குழந்தைக்கு இழுக்கிறது, சீக்கிரம் வாருங்கள்." எங்கள் ஊரில் இழுப்பு என்றால் வலிப்புதான். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று பாடம் ஒப்பித்தேன். படுக்க வைத்ததும் குழந்தை இன்னும் திணறியது. அந்த அம்மா என் பேச்சைக் கேட்காமல் தூக்கித் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டார். நல்ல வேளை. அரை மணி நேரம் கழித்து வண்டியில் போன உதவியாளர் அழைத்தார். "அக்கா, அது வலிப்பு இல்லை. மூச்சிழுப்பு." அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அதனால் இன்னும் வலித்தது.

அன்றிலிருந்து கட்டத்தில் எதைத் தட்டினாலும், கீழே குறிப்புப் பகுதியில் அழைத்தவர் சொன்ன வினையை அப்படியே எழுதி வைத்தேன். நேரம் வீணாகிறது என்று மேலதிகாரி ஒருவர் இரண்டு முறை கண்டித்தார். எழுதுவதை நிறுத்தவில்லை. 'இழு'வுக்கு மட்டும் ஒரு பக்கம் தேறியது. கை கால் இழுத்துக்கொண்டால் பக்கவாதம். நெஞ்சு இழுத்தால் ஆஸ்துமா. வெட்டி வெட்டி இழுத்தால் வலிப்பு. 'இழுத்துக்கொண்டு கிடக்கிறது' என்றால் வீட்டில் யாரோ பாலூற்றக் காத்திருக்கிறார்கள்.

ஒரு நாள் விடியற்காலை நாலு மணி இருக்கும். இருபது வயது மதிக்கத்தக்க குரல். "அப்பா திடீரென்று விழுந்துவிட்டார் மேடம். இரண்டு தடவை வெட்டி இழுத்தது. இப்போது அடங்கிவிட்டது. தூங்குகிறார் போலிருக்கிறது."

அடங்கியது எது? வலியும் அடங்கும், காய்ச்சலும் அடங்கும், மூச்சும் அடங்கும். இதை ஒரு மகனிடம் எப்படிக் கேட்பது?

"தம்பி, அவர் நெஞ்சைப் பாருங்கள். ஏறி இறங்குகிறதா?"

"இல்லை மேடம். எப்போதாவது ஒரு தடவை வாயைத் திறந்து இழுக்கிறார்."

இதயம் நின்ற பிறகும் சிலருக்கு அப்படி ஓரிரு இழுப்பு வரும். பார்க்கிறவர்கள் அதை மூச்சு என்று எண்ணிக்கொள்வார்கள். தரையில் மல்லாத்திப் போடச் சொன்னேன். நடு நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, இரண்டு அங்குலம் அமுங்குமாறு அழுத்தச் சொன்னேன். நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. நான் எண்ண, அவன் அழுத்தினான். நடுவில் அழுதான். அழுதுகொண்டே அழுத்தினான். வண்டியின் சங்கொலி தொலைபேசிக்குள் கேட்டது, கதவு திறந்தது, யாரோ "தள்ளிக்கொள்ளுங்கள்" என்றார்கள், இணைப்பு அறுந்தது.

அதற்குப் பிறகு என்ன ஆனது என்று எங்களுக்குச் சொல்வதில்லை. குறிப்புப் பகுதியில் அந்தப் பையனின் வார்த்தைகளைத் தட்டினேன்: இழுத்தது, அடங்கிவிட்டது, இழுக்கிறார். முடிப்பதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிட்டது.