கொட்டிவிடாத மண்

மண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவர்களின் வாயில் அன்றாடம் வந்துபோகும் பெயர் வாக்லி–பிளாக். சலித்த மண்ணில் 1 கிராமைக் கூம்புக் குடுவையில் எடுத்து, 10 மி.லி. பொட்டாசியம் டைகுரோமேட்டும் 20 மி.லி. அடர் கந்தக அமிலமும் ஊற்றி, அரை மணி நேரம் வைத்திருந்து, தண்ணீரும் பாஸ்பாரிக் அமிலமும் டைபீனைலமைனும் சேர்த்து, பியூரெட் என்ற சொட்டுக்குழாயின் அடியில் பிடித்தால், கருநீலமாக இருக்கும் கரைசல் கடைசிச் சொட்டில் பளிச்சென்று பச்சையாகிவிடும். மண்வள அட்டையில் அங்ககக் கரிமம் என்று ஏறும் எண் இதிலிருந்துதான் வருகிறது. அது 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'குறைவு' என்று எழுதுகிறோம். நம் ஊர் மண்ணுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் எழுத வேண்டியிருக்கிறது. 1934இல் இந்த முறையை வெளியிட்ட இருவரும் இங்கிலாந்தில், லண்டனுக்கு வடக்கே ஹார்ப்பெண்டன் என்னும் ஊரில் உள்ள ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பணியாற்றியவர்கள்.

சூப்பர் பாஸ்பேட் தயாரிப்புக்கு 1842இல் காப்புரிமை பெற்ற ஜான் பென்னட் லாஸ் என்ற நிலக்கிழார், மறு ஆண்டே ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்ற வேதியியலாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டு தம் பண்ணையில் தொடங்கியதுதான் ரோத்தம்ஸ்டெட். உரம் விற்றவரே உரத்தின் பலனைச் சோதிக்கப் புறப்பட்டார் என்பதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கலாம். ஆனால் எதுவுமே இடாத பாத்தியையும், தொழு உரம் மட்டும் இட்ட பாத்தியையும் உரப் பாத்திகளுக்குப் பக்கத்திலேயே வைத்து அவர் நேர்மையாக ஒப்பிட்டார். பிராட்பாக் என்ற அந்த வயலில் 1843 இலையுதிர்காலத்தில் தொடங்கிய கோதுமைச் சோதனை இன்றும் நடக்கிறது. 1968இல் குட்டை ரகத்துக்கு மாறினார்கள், வயலின் ஒரு பகுதியில் பயிர்ச் சுழற்சியையும் புகுத்தினார்கள். நீண்டகாலச் சோதனை என்றால் எதையும் தொடாமல் காப்பது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் அந்தந்தக் காலத்து விவசாயி பயிரிடாத ரகத்தை வைத்து நடத்தும் சோதனை யாருக்கும் உதவாது.

எனக்கு வயலைவிட அங்குள்ள மாதிரிக் கிடங்குதான் பெரிதாகத் தெரிகிறது. அறுவடையின் தானியம், வைக்கோல், அவ்வப்போது எடுத்த மண் ஆகியவற்றை உலர்த்திப் புட்டிகளில் அடைத்து வந்திருக்கிறார்கள். இன்று அவை ஏறக்குறைய 3,00,000 மாதிரிகளாகப் பெருகியுள்ளன. எதற்காக என்று லாஸுக்கோ கில்பர்ட்டுக்கோ தெரிந்திருக்க வழியில்லை, ஏனென்றால் அந்த மாதிரிகளிடம் பிற்காலத்தார் கேட்ட கேள்விகள் பல அன்று பிறக்கவே இல்லை. ஓர் எடுத்துக்காட்டு: 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வானில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கரிமம் ஏறக்குறைய இரண்டு மடங்காகி, பயிர்களின் வழியே மண்ணுக்குள்ளும் இறங்கியது. குண்டுக்கு முந்தைய மண்ணும் பிந்தைய மண்ணும் ஒரே வயலிலிருந்து கையில் இருந்ததால், புதுக் கரிமம் எவ்வளவு வேகமாக மண்ணில் கலந்து பழையதை இடம்பெயர்க்கிறது என்பதை டேவிட் ஜென்கின்சன் கணக்கிட முடிந்தது. இன்று உலகெங்கும் மண் கரிமக் கணக்கீட்டுக்குப் பயன்படும் ராத்-சி என்ற கணித மாதிரியம் அந்த வேலையிலிருந்து வளர்ந்ததுதான். பழைய கோதுமை மாதிரிகளிலிருந்து பூஞ்சை நோய்களின் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, 1844 முதல் எந்த நோய் எப்போது ஓங்கியது என்று பார்த்தவர்கள், அந்த ஏற்ற இறக்கம் நிலக்கரிப் புகையின் கந்தக டை ஆக்சைடோடு ஒத்துப்போவதைக் கண்டார்கள்.

இப்படிக் குவிந்த விளைச்சல் கணக்குகளை அலசத்தான் ஆர். ஏ. ஃபிஷர் என்ற புள்ளியியலாளரை 1919இல் வேலைக்கு எடுத்தார்கள். அதே வளாகத்தில் சி. பி. வில்லியம்ஸ் என்ற பூச்சியியலாளர் 1930களில் விளக்குப்பொறி வைத்து இரவுதோறும் அந்துப்பூச்சிகளைப் பிடித்து இனம் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு சில இனங்கள் ஆயிரக்கணக்கில் விழ, பல இனங்களில் ஒன்றோ இரண்டோ மட்டுமே விழுவது ஏன் என்ற கேள்வி, மலாயா வண்ணத்துப்பூச்சிகளைத் தொகுத்த கார்பெட்டையும் சேர்த்து, மூவரும் 1943இல் எழுதிய கட்டுரையில் முடிந்தது. இனப் பன்மையை அளக்கும் ஃபிஷரின் ஆல்ஃபா என்ற எண் அங்கே பிறந்தது. 1964 முதல் 12.2 மீட்டர் உயரமுள்ள உறிஞ்சு பொறிகள் காற்றில் பறக்கும் அசுவினிகளை இழுத்துப் பிடிக்கின்றன. எந்த வாரம் எந்த இனம் எவ்வளவு வந்தது என்று விவசாயிக்குத் தெரிந்தால், தேவையில்லாமல் மருந்து அடிக்கும் செலவு மிஞ்சும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊரில் மட்டும் நடக்கிற காரியம் என்று நினைக்க வேண்டாம். ரோத்தம்ஸ்டெட்டைப் பின்பற்றிக் கோயம்புத்தூரில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை, இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் தொடர்கிறது. 1925இல் புதிய தொகுதி ஒன்றும் சேர்ந்தது. தழை, மணி, சாம்பல் சத்துகளைத் தனித்தனியாகவும் சேர்த்தும் இட்ட பாத்திகள், தொழு உரப் பாத்தி, எதுவும் இடாத பாத்தி எல்லாம் அங்கே உண்டு.

விவசாயிகள் துணிப்பையில் கொண்டுவரும் மண்ணின் கதைதான் வேறு. சோதனை முடிந்து எண்ணை அட்டையில் ஏற்றியதும் மீதியைக் கொட்டிவிடுவதே நான் பார்த்த வழக்கம். எல்லாவற்றையும் சேர்த்துவைக்க இடம் கிடையாது, அது நியாயம்தான். ஆனால் வட்டாரத்துக்குப் பத்து வயல்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு 200 கிராம் மண்ணை நிழலில் உலர்த்திப் புட்டியில் அடைக்க ஓர் அலமாரி போதும். நம் ஊர் ஈரக்காற்றுக்கு மூடியில் மெழுகு பூச வேண்டியிருக்கும். வெளியே ஒட்டும் சீட்டை இராமபாணப் பூச்சி அரித்துவிடும் என்பதால், தேதியையும் சர்வே எண்ணையும் இன்னொரு சீட்டில் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே போட்டுவிட வேண்டும்.