எழ மறுக்கும் போர்டுகள்

மார்ச் 4, செவ்வாய்

புதுக் கருவிக்கான புரோட்டோடைப் சர்க்யூட் போர்டுகள் (சோதனை மாதிரிகள்) வந்துவிட்டன. முதல் வேலையாக 3.3 வோல்ட் பாதைக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஷார்ட் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. பென்ச் சப்ளையின் (மேசையில் வைத்து மின்சாரம் கொடுக்கும் கருவி) கரண்ட் வரம்பை 100 மில்லியாம்பியரில் வைத்து ஒவ்வொன்றாக இணைத்தேன். சில உடனே ஓட ஆரம்பித்தன, சில அசையவே இல்லை. "ஃபர்ம்வேரைப் பாருங்க" என்று பக்கத்து மேசையிலிருந்து குரல். அதே ஃபர்ம்வேர், அதாவது சிப்பில் ஓடும் அதே புரோகிராம், மற்ற போர்டுகளில் ஓடுகிறதே!

மார்ச் 5, புதன்

மல்டிமீட்டர் எல்லாவற்றிலும் 3.3 தான் காட்டுகிறது. அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. மீட்டர் நொடிக்குச் சில முறைதான் அளவெடுக்கும். சிப் எழுவதா விழுவதா என்பது மில்லிசெகண்டுகளில் முடிந்துவிடும். வோல்டேஜ் மாறுவதைக் கோடாக வரைந்து காட்டும் ஸ்கோப்பை, ஒரு முறை பிடித்து நிறுத்தும் சிங்கிள் ட்ரிகரில் வைத்தேன். வோல்டேஜ் 2 வரை ஏறி, சரிந்து, தடுமாறி மறுபடி ஏறுகிறது. காலி கெப்பாசிட்டர்கள் நிரம்பும்போது இழுக்கும் கரண்ட் 100 மில்லியாம்பியரைத் தொட, சப்ளை வோல்டேஜை இறக்கிவிடுகிறது. வரம்பை 500க்கு உயர்த்தியதும் கோடு ஒரே மூச்சில் ஏறியது. முரண்டு பிடித்தவற்றில் பெரும்பாலானவை எழுந்துவிட்டன.

மார்ச் 6, வியாழன்

மிச்சத்தில் ஒன்று, விரலைக் கிட்டே கொண்டுபோனால் மட்டும் எழுகிறது. அப்படியென்றால் சிப்பின் ஏதோ ஒரு பின் (கால்) எங்கும் கட்டப்படாமல் மிதக்கிறது. நம் புரோகிராமை ஓட்டுவதா, சிப்புக்குள்ளேயே இருக்கும் பூட்லோடருக்கு (புது புரோகிராமை ஏற்ற உதவும் சிறு புரோகிராம்) போவதா என்று தீர்மானிக்கும் பூட் பின்தான் அது. 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றை கிரவுண்டுக்கு சோல்டர் செய்தேன், சரியாகிவிட்டது.

சிப்புக்குத் துடிப்பு தரும் கிரிஸ்டலில் ஸ்கோப்பின் ப்ரோப்பை வைத்துப் பார்க்கலாமே என்றார் ஒருவர். வேண்டாம். 10எக்ஸ் ப்ரோப்பே சுமார் 10 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் சேர்க்கும். நன்றாக ஓடும் கிரிஸ்டலும் நின்றுபோகலாம்.

மார்ச் 10, திங்கள்

இது வேறு ரகம். போர்டு எழுகிறது, எஸ்டி கார்டு மட்டும் பதில் சொல்வதில்லை. அதுவும் பவரை அணைத்து உடனே போட்டால்தான். போர்டோடு தகவல் பரிமாறும் சீரியல் கேபிளைக் கழற்றிவிட்டால் எந்தக் கோளாறும் இல்லை!

பவரை அணைத்தபின் 3.3 பாதையை ஸ்கோப்பில் பார்த்தேன். பூஜ்யத்துக்கு இறங்காமல் 1.2 வோல்ட்டில் நிற்கிறது. சீரியல் லைன் சும்மா இருக்கும்போதும் ஹை நிலையில், இங்கே 3.3 வோல்ட்டில்தான் இருக்கும். கேபிளிலிருந்து வரும் அந்த 3.3 வோல்ட், மைக்ரோகண்ட்ரோலர் சிப்பின் பின்னில் உள்ள பாதுகாப்பு டையோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) வழியாக போர்டுக்குள் கசிகிறது. எஸ்டி கார்டு ஒழுங்காக ரீசெட் ஆக அதன் சப்ளை 0.5 வோல்ட்டுக்குக் கீழே போக வேண்டும். 1.2 வோல்ட்டில் அது முழுதாக அணையவும் இல்லை, வேலை செய்யவும் இல்லை. கார்டைக் குறை சொல்லி மாற்றிக்கொண்டே இருந்தால் வருஷம் போயிருக்கும்.

மார்ச் 11, செவ்வாய்

சீரியல் லைனில் தொடராக 1 கிலோஓம் போட்டால் போதுமா என்று கணக்குப் போட்டேன். அப்போதும் 2 மில்லியாம்பியருக்கு மேல் கசியும். 0.5க்குக் கீழே, 0.4 வோல்ட்டில் பாதையை நிறுத்தி அதை வடிக்க 170 ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் வேண்டும். போர்டு ஓடும்போது அதுவே 19 மில்லியாம்பியர் தின்னும். பேட்டரியில் ஓடும் கருவிக்கு இது கட்டுப்படியாகாது.

ஆகவே அடுத்த பதிப்பில் கார்டுக்குத் தனி லோட் ஸ்விட்ச் (அதன் சப்ளையை மட்டும் போட்டு அணைக்கும் சிப்), அணைந்ததும் வெளியீட்டை வடித்துவிடும் வகை. கார்டு லைன்களை ஹையில் பிடித்து வைக்கும் புல்-அப் ரெசிஸ்டர்களையும் அந்த ஸ்விட்சுக்குப் பின்னால் மாற்ற வேண்டும். அப்புறம், கார்டை அணைக்கும்போது அதற்குப் போகும் டேட்டா, கிளாக் பின்களை லோவில் (பூஜ்ய வோல்ட்டில்) வைக்கச் சொல்லி ஃபர்ம்வேர்காரரிடம் எழுதிக் கொடுத்தாயிற்று. இல்லாவிட்டால் அந்த வழியாகவும் கசியும்.