எட்டு எழுத்து இடத்தில் மூன்று தமிழ்ச் சொல்

காவேரிப்பட்டணத்தில் எங்கள் மாந்தோப்பு மோட்டார் ரூமில் ஒரு எல்சிடி, அதாவது எழுத்து காட்டும் சின்னத் திரை, மாட்டியிருக்கிறேன். மேல்தொட்டியில் தண்ணீர் எந்த அளவு இருக்கிறது என்று காட்டும். மோட்டார் போடுவதும் நிறுத்துவதும் அம்மா. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். ஆகவே அதில் தமிழ்தான் வரவேண்டும், அதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

வயரிங் சீக்கிரம் முடிகிற வேலை. வரிக்கு 16 எழுத்து, இரண்டு வரி கொண்ட சாதாரண எல்சிடி. இதை ஓட்டுவது ஆர்டுயினோ ஊனோ என்ற, நாம் புரோகிராம் எழுதி ஏற்றும் சின்ன போர்டு. எல்சிடியின் பின்னால் ஐ2சி மாட்யூல் (வயர்களைக் குறைக்கும் துணைப் பலகை) ஒட்டியதாக வாங்கினால் நான்கு வயர் போதும்: 5 வோல்ட், கிரவுண்ட், ஊனோவின் ஏ4-க்கு எஸ்டிஏ (தகவல் வயர்), ஏ5-க்கு எஸ்சிஎல் (தாளம் கொடுக்கும் கிளாக் வயர்). புரோகிராமில் கொடுக்க வேண்டிய மாட்யூலின் முகவரி பெரும்பாலும் ஹெக்ஸ் எண்ணில் (16-ஐ அடியாகக் கொண்ட எண்முறை) 27, இல்லையென்றால் 3எஃப். லைட் எரிந்தும் எதுவும் தெரியவில்லையா, மாட்யூலில் உள்ள நீலத் திருகைத் திருப்பிப் பாருங்கள், அது கான்ட்ராஸ்ட். மேல்வரியில் வெறும் கட்டங்கள் மட்டும் தெரிந்தால் டிஸ்ப்ளேவுக்குக் கட்டளை போய்ச் சேரவில்லை.

இனிமேல்தான் விஷயம். இந்த டிஸ்ப்ளேக்கள் ஹிட்டாச்சியின் எச்டி44780 சிப்பையோ அதையொத்த சிப்பையோ வைத்து ஓடுகின்றன. பரவலாகக் கிடைக்கும் வகையில் ஆங்கிலமும் ஜப்பானிய கட்டகனா எழுத்துகளும் உள்ளேயே பதிந்திருக்கும். தமிழ் கிடையாது. புரோகிராமில் நேராக 'ப' என்று எழுதினால், எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் அது மூன்று பைட் என்பதாலும், இந்தச் சிப் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக எடுத்துக்கொள்வதாலும், திரையில் சம்பந்தமில்லாத மூன்று குறிகள் வந்து நிற்கும்.

நாமே வரைந்துகொள்ள அந்தச் சிப் 8 எழுத்துக்கு இடம் தருகிறது. ஒவ்வொன்றும் 5 புள்ளி அகலம், 8 புள்ளி உயரம். தமிழில் அகலமான எழுத்துகள் அதிகம். இரண்டு கட்டத்தில் பிரித்து வரையலாம்தான், ஆனால் கட்டங்களுக்கு நடுவே இடைவெளி விழுந்து எழுத்து உடைந்துவிடும். எனவே ஒரு கட்டத்தில் அடங்கும் எழுத்துகளாகப் பார்த்துச் சொற்களைத் தேர்ந்தெடுத்தேன்.

காலி, பாதி, போதும்.

எண்ணிப் பாருங்கள்: க, துணைக்கால், லி, ப, தி, இரட்டைக்கொம்பு, து, ம். புள்ளியில்லாத 'ம' எந்தச் சொல்லிலும் வராததால் புள்ளி வைத்த 'ம்' ஒன்றே போதும். மொத்தம் எட்டு! துணைக்கால் மூன்று சொல்லிலும் வருகிறது, 'ப' இரண்டில். 'நிறைந்தது' என்று வைத்திருந்தால் இந்தக் கணக்கு நடக்காது. தவிர, மோட்டாரை நிறுத்தச் சொல்ல எங்கள் வீட்டில் கத்துவதும் 'போதும்' என்றுதான்.

கட்டத்தின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண் கொடுக்க வேண்டும்: ஐந்து புள்ளிகளுக்கும் இடமிருந்து 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு, எரிய வேண்டியவற்றைக் கூட்டினால் அந்த எண். 'ப' சுலபம்: ஆறு வரிக்கு 17 (இரண்டு ஓரப் புள்ளிகள்), அடியில் 31 (ஐந்தும்), கடைசி வரி 0. அதைத் தலைகீழாக்கி, 0 மட்டும் கீழேயே இருக்கும்படி வைத்தால் துணைக்கால். கஷ்டமெல்லாம் 'தி'யிலும் 'லி'யிலும்தான். மேல்சுழி போட ஐந்து புள்ளி மிகக் குறைச்சல். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் பென்சிலால் வரைந்து, அம்மா தள்ளி நின்று படிக்கும்வரை புள்ளிகளை மாற்றிக்கொண்டிருந்தேன். அது பிக்சல் பார்த்து முடிவாகிற விஷயமில்லை, அம்மாவின் கண் பார்த்துத்தான்.

ஒரு குறிப்பு: எழுத்தைப் பதிந்த கையோடு கர்சரை (அடுத்த எழுத்து விழும் இடத்தை) புரோகிராமில் மறுபடி திரையில் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்து அனுப்புவது திரைக்குப் போகாமல் எழுத்து நினைவகத்துக்குள்ளேயே போய்விழும். நிறைய சொல் வேண்டுமானால், காட்டுகிற சொல்லுக்கு மட்டும் அவ்வப்போது எழுத்துகளைப் பதியலாம்; எட்டு என்பது ஒரே நேரத்தில் திரையில் நிற்பவற்றுக்கான கட்டுப்பாடு மட்டுமே. அடுத்து 'கரண்ட் இல்லை' என்பதை அப்படித்தான் காட்டப்போகிறேன்.