துக்க வாசலில் தட்டி பிடித்தவர்கள்

அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் பக்கம், ஒரு ஃபியூனரல் ஹோமில் வேலை பார்த்தேன். மருத்துவமனையிலிருந்து உடலை எடுத்து வருவது முதல் கல்லறையில் பெட்டியை இறக்குவது வரை எல்லாமே எங்கள் பொறுப்பு. அழுகிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிடும். சாவு வீட்டுக்கு வெறுப்பைக் கொண்டுவருகிறவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்பது அப்படிப் பழகி வருவதில்லை. அதை நான் கற்றுக்கொண்டது வயதான ஒரு போதகரின் அடக்கத்தில்.

தொண்ணூறுகளில் எய்ட்ஸ் வந்து இறந்தவர்களுக்குப் பல ஆலயங்கள் கதவைச் சாத்தின. அவர்களைத் தன் ஆலயத்தில் வைத்து ஜெபித்து அடக்கம் செய்தவர் இந்தப் போதகர். அது போதாதா? அடக்கத்துக்கு இரண்டு நாள் முன்பு, வெஸ்ட்பரோ பாப்டிஸ்ட் சபையினர் மறியலுக்கு வருவதாகக் காவல் துறையிலிருந்து தகவல் வந்தது.

கான்சஸின் டொபீகா நகரில் 1955-ல் ஃபிரெட் ஃபெல்ப்ஸ் தொடங்கிய சபை அது. ஒருபால் ஈர்ப்பைப் பொறுத்துக்கொள்ளும் நாட்டைக் கடவுள் சாவுகளால் தண்டிக்கிறார் என்பது அவர்கள் பிரசங்கம். ஆட்களில் பெரும்பாலோர் அவருடைய மக்களும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும்தான். ஒருபால் ஈர்ப்பாளன் என்பதற்காக அடித்துக் கொல்லப்பட்ட மாத்யூ ஷெப்பர்டின் அடக்கத்துக்கு 1998-ல் போய் நின்றார்கள். அப்புறம் இராக்கில் இறந்த படைவீரர்களின் அடக்கங்களுக்கும் ‘வீரர்கள் செத்ததற்காகக் கடவுளுக்கு நன்றி’ என்று எழுதிய தட்டிகளோடு வர ஆரம்பித்தார்கள்.

எங்கள் மேலாளர் எல்லோரையும் பின்னறையில் உட்கார வைத்துப் பேசினார். “அவர்களிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. தொடக் கூடாது. தட்டியைப் படித்துக்கொண்டு நிற்கக் கூடாது. போன் கேமராவை எடுக்கவே கூடாது.” அந்தக் குடும்பத்தில் பலர் வழக்கறிஞர்கள். ஃபெல்ப்ஸின் 13 பிள்ளைகளில் 11 பேர் சட்டம் படித்தவர்கள். நம்மில் ஒருவர் கை ஓங்கினால் போதும், வழக்கும் அவர்களுக்கு, அன்றைய செய்தியும் அவர்களுக்கு என்றார்.

அப்போது அவர் சொன்ன ஒரு சம்பவம் எனக்கு இன்றும் பயன்படுகிறது. 2007 மே மாதம் வர்ஜீனியாவின் லின்ச்பர்க்கில் ஜெர்ரி ஃபால்வெல் இறந்தார். நாடறிந்த பிரசங்கியார், ஒருபால் ஈர்ப்புக்கு எதிராக வாழ்நாள் முழுக்கப் பேசியவர். அவருடைய எதிர்ப்பே போதாது என்று வெஸ்ட்பரோ ஆட்கள் அவர் அடக்கத்துக்கும் வந்துவிட்டார்கள். அவர் நிறுவிய பல்கலைக்கழகத்தின் மாணவர் ஒருவர், 19 வயதுப் பையன், சொந்தமாகச் செய்த குண்டுகளைக் காரில் வைத்திருந்து பிடிபட்டான். மறியல்காரர்களைத் தடுக்கத்தான் என்று சொன்னானாம். தன் ஆசிரியரின் மேல் உள்ள மரியாதையால்தான் அதைச் செய்கிறோம் என்று அவன் உண்மையாகவே நம்பியிருப்பான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இங்கே கோபம் கெட்டவர்களுக்கு மட்டும் வருவதில்லை. இறந்தவரை யார் அதிகமாக நேசித்தார்களோ அவர்களுக்குத்தான் முதலில் வருகிறது.

சும்மா இருங்கள் என்று சொல்லிவிட்டால் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். கைக்கு வேலை கொடுக்க வேண்டும். போதகருடைய சபையின் இரண்டு பேருந்துகளைச் சாலையோரம் நீளவாக்கில் நிறுத்தினோம். அமரர் ஊர்தியைப் பின் வாசலுக்குத் திருப்பினோம். ஷெப்பர்ட் கொலை வழக்கு 1999-ல் லாரமியில் நடந்தபோது அவருடைய நண்பர்கள் வெள்ளைத் துணியில் ஆளுயரத்துக்கு மேல் சிறகுகள் செய்து மாட்டிக்கொண்டு, மறியல்காரர்களுக்கு முதுகைக் காட்டி வாய் திறக்காமல் நின்றார்கள். போதகருடைய சபை இளைஞர்களுக்கும் அப்படிச் செய்ய ஆசை. ஆனால் அதுவும் ஒரு காட்சிதானே, கேமரா அங்கேதான் திரும்பும் என்று போதகரின் மனைவி மறுத்துவிட்டார். சாதாரணக் கறுப்புக் குடைகள் போதும் என்றார். சரி என்று குடைகள் வாங்கினோம்.

அன்று நல்ல குளிர். செயின்ட் லூயிஸ் பக்கத்து ஊரான மான்செஸ்டரின் சட்டத்தை 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்று சொல்லியிருந்தது: அடக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து ஒரு மணி நேரம் பின்பு வரை 300 அடிக்குள் மறியல் கூடாது. எங்கள் ஊர்க் காவலரும் அந்தத் தூரத்தில்தான் அவர்களை நிறுத்தினார்கள். ஏழெட்டுப் பேர் இருக்கும். வாசலில் நின்ற எனக்குப் பேருந்துக் கூரைக்கு மேல் தட்டிகளின் உச்சி மட்டும் தெரிந்தது. மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு என்று திருவிழாக் கடை நிறங்கள். ஓரத்தில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி தன்னைவிட உயரமான தட்டியைப் பிடித்திருந்தாள். காற்று அடிக்கும்போது அது அவளையும் சேர்த்துச் சாய்த்தது. அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவளை அங்கே கூட்டிவந்தவர்கள் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பெட்டியைத் தூக்க வேண்டிய நேரத்தில் போதகரின் பேரன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வெளியே நடந்தான். இருபது வயதிருக்கும். நான் குறுக்கே போனேன். அமைதி, மன்னிப்பு என்றெல்லாம் பேசவில்லை. “பெட்டிக்கு ஆறு பேர் வேண்டும் தம்பி. நீ அங்கே போனால் ஐந்து பேர்தான். உன் இடத்தில் யாரை நிறுத்தட்டும்?” என்று கேட்டேன். என்னை முறைத்தான். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். பிறகு திரும்பிப் போய்க் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். இடது பக்கம் நடுவில் அவன் தூக்கினான்.

நான் வளர்ந்த ஊர்ப் பக்கம், நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போய் நிற்க வேண்டும் என்பார்கள். வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகூட வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போவார். அந்த வழக்கத்தில் வளர்ந்த எனக்கு, சாவு வாசலுக்கு ஏசுவதற்கென்றே நூற்றுக்கணக்கான மைல் வண்டி ஓட்டி வருகிறவர்களை ஜீரணிக்க முடியவில்லை. இன்றும் முடியவில்லை.

எல்லாம் முடிந்தபின் போதகரின் மனைவி எங்களிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: தட்டிகளில் என்ன எழுதியிருந்தது என்று யாரும் தன்னிடம் சொல்லக் கூடாது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஸ்னைடர் வழக்கைப் படித்தவர்களுக்குப் புரியும். 2006 மார்ச்சில் மேரிலாந்தில், இராக்கில் இறந்த படைவீரரான தன் மகனை அடக்கம் செய்யப் போன ஆல்பர்ட் ஸ்னைடரும் தட்டிகளின் உச்சியைத்தான் பார்த்தார். அதில் இருந்ததை அன்று இரவு தொலைக்காட்சிச் செய்தியில்தான் படித்தார். வழக்குப் போட்டார். இடையில் 16,510 டாலர் செலவுத்தொகையை அவரே எதிர்த்தரப்புக்குக் கட்ட வேண்டும் என்று ஓர் உத்தரவும் வந்தது. கடைசியில் 2011-ல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வெஸ்ட்பரோ பக்கம் தீர்ப்புச் சொன்னது. பேச்சுரிமை என்ற அளவில் அந்தத் தீர்ப்பை நான் ஏற்கிறேன். ஆனால் அந்தத் தகப்பனுக்கு அந்த இரவு தொலைக்காட்சியை யாராவது அணைத்து வைத்திருக்கலாமே என்றுதான் இந்த வேலையில் இருக்கிற என் மனசு நினைக்கிறது.

எங்களோடு வேலை பார்த்த ஓர் இளம்பெண்ணுக்கு இதில் உடன்பாடில்லை. “நாம் வாயை மூடிக்கொண்டதை அவர்கள் வெற்றி என்று எடுத்துக்கொள்வார்கள்” என்று பின்னறையில் குரல் உடைந்து கத்தினாள். மேலாளர் தடுக்கவில்லை. சாப்பாடு வரவழைத்து, ஒவ்வொருவரும் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். இதைச் செய்யாத மேலாளர் பொறுமையைப் பற்றி ஊழியர்களுக்குப் பாடம் எடுக்கக் கூடாது என்பது என் கருத்து. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எல்லா இடத்திலும் மௌனம் சரியாகாது. ஃபெல்ப்ஸின் பேத்தி மேகன் 2012-ல் அந்தச் சபையை விட்டு வெளியேறக் காரணமாக இருந்தவர்கள், ட்விட்டரில் அவளோடு பொறுமையாக வாதாடியவர்கள்தான். வாதாட அது இடம். பெட்டி வெளியே வருகிற வாசல் அதற்கு இடமில்லை.

2014 மார்ச் 19 அன்று ஃபிரெட் ஃபெல்ப்ஸே இறந்துபோனார். அவர் அடக்கத்துக்கும் போய் நிற்க வேண்டும் என்று இணையத்தில் பலர் கொதித்தார்கள். சபையினர் பொதுவில் சடங்கு எதுவும் வைக்கவில்லை. சில நாளில் கான்சஸ் சிட்டியில் அவர்கள் வழக்கம்போல் ஓர் இசை நிகழ்ச்சிக்கு எதிரே தட்டி பிடித்தபோது, சாலைக்கு மறுபுறம் சிலர் ஒரு பதாகையை விரித்தார்கள்: ‘உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்.’ எங்கள் அலுவலகத்தில் அந்தப் படத்தை எல்லோரும் பார்த்தோம்.

என்னை உலுக்கியது வேறொன்று. சபையை விட்டுப் போன பிள்ளைகளைத் தகப்பனைப் பார்க்க விடவில்லை என்று அவருடைய மகன் நேதன் வெளிப்படையாக எழுதியிருந்தார். குடும்பத்தோடு முறித்துக்கொண்ட பிள்ளைகள் எங்களிடமும் வருவதுண்டு. மற்றவர்கள் வருவதற்கு முந்தைய நேரத்தில் பக்க வாசல் வழியாக அழைத்துப்போய், முகம் பார்க்க விட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம். அந்த உடல் எங்களிடம் வந்திருந்தால் அவர்களுக்கும் கட்டாயம் ஒரு நேரம் கேட்டு வாங்கிக் கொடுக்கப் பார்த்திருப்போம்.