இரண்டு சென்ட் சம்பா கோதுமையும் அதன் உமியும்

இந்தப் பதிவில் பாதிக்கு மேல் உமியைப் பற்றித்தான் இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தையல் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் "நம்மூர்ல கோதுமை வருமா?" என்றுதான் கேட்கிறார்கள். வந்ததை எப்படி உரித்தாய் என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. வேலை முழுக்க அங்கேதான் கிடந்தது.

நாங்கள் இருப்பது வேலந்தாவளம் பக்கம், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா. ரேஷன் கார்டு கேரளத்துடையது, வீட்டுப் பேச்சு தமிழ், ஜவுளி வாங்கப் போவது கோயம்புத்தூருக்கு. கேரளம் என்றதும் மழைதான் எல்லோருக்கும் நினைவு வரும். இந்தக் கிழக்கு மூலையில் அந்த மழை கிடையாது. என் அத்தை வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் காடு முழுக்கக் கம்பு, சோளம், நிலக்கடலை. இப்போது போர்வெல் போட்டுத் தென்னையாகிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் தென்னை நிழல் விழாத இரண்டு சென்ட் சும்மா கிடந்தது, அதில்தான் சம்பா கோதுமை, அடித்தாலும் உமி கழலாத சாதி.

கடையில் விற்கிற சம்பா கோதுமையை வாங்கி விதைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அது உமி நீக்கி வருவது. முளை அடிபட்ட மணி அதில் நிறைய இருக்கும். விதையென்றால் உமியோடு வேண்டும். எனக்குக் கோயம்புத்தூர்ப் பக்கத்து விவசாயி அண்ணன் ஒருவர் கொடுத்தார். வேளாண் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டுச் சமவெளிக்கென்று வெளியிட்ட ரகம், மூன்று மாதத்துக்குள் அறுத்துவிடலாம். அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முதல் வாரத்துக்குள் மண்ணில் போட்டுவிட வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். அதில் நியாயம் இருக்கிறது. கோதுமைக்குக் குளிர் வேண்டும், எங்களிடம் இருப்பதோ டிசம்பர், ஜனவரி இரவுகளின் சின்னக் குளிர் மட்டும்தான். மார்ச்சில் பாலக்காட்டு வெயில் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. மணி பால் பிடிக்கிற நேரத்தில் சூடு ஏறினால் சூம்பிப்போகும்.

ஹெக்டேருக்கு 100 கிலோ விதை என்பது பொதுவான கணக்கு. சென்ட்டுக்குப் பிரித்தால் 400 கிராம். உமியின் எடையும் சேர்வதால் நான் சென்ட்டுக்கு அரைக் கிலோ போட்டேன். வரிசைக்கு வரிசை 20 சென்டிமீட்டர், ஆழம் 5 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். அடியுரமாக மக்கின சாணி, கரையானுக்குக் கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கு. அவ்வளவுதான்.

தண்ணீரில் ஒரு விஷயம் மட்டும் முக்கியம். விதைத்து மூன்று வாரம் ஆகும்போது தண்டின் அடியில், மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, பயிர் புதிதாக ஒரு சுற்று வேர் விடும். அது தூர் கட்டுவது, அதாவது அடியிலிருந்து பல தண்டு கிளைப்பது, அந்த வேரை நம்பித்தான். அந்தச் சமயத்தில் மண் காய்ந்திருந்தால் பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் ஈடாகாது. மற்றபடி கோதுமை ஒன்றும் தண்ணீருக்குப் பறக்கிற பயிர் இல்லை. தென்னைக்கு விடுவதில் ஒரு பங்கு போதும்.

காற்றைப் பற்றிச் சொல்லாவிட்டால் எங்கள் ஊரைப் பற்றிச் சொன்னதாகாது. மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே சுமார் 30 கிலோமீட்டருக்கு விட்டுப்போய்க் கிடக்கிறது. நவம்பர் பிறந்தால் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வருகிற கிழக்குக் காற்று கொடியில் காய்கிற துணியைக் கிளிப் போட்டாலும் விடாது. சம்பா கோதுமை உயரமாக வளர்கிற சாதி, கதிர் கனத்ததும் சாய்ந்துவிடும். கடையில் சேருகிற வெட்டுத் துணி, பார்டர், லைனிங் துண்டுகளை முடிச்சுப் போட்டு நீளமாக்கி, மூங்கில் குச்சி நட்டுச் சுற்றிலும் இரண்டு வரிசை கட்டினேன். பயிரும் நின்றது, துணி படபடத்ததில் கிளிகளும் பயந்தன. மயில்தான் பயப்படவில்லை. அதை விரட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது, தேசியப் பறவையாயிற்றே. கதிரில் முள் மாதிரி மீசை முளைத்து முற்றின பிறகு மயிலும் வருவதைக் குறைத்துக்கொண்டது. மீசை இல்லாத கோதுமை ரகங்களும் உண்டாம். வீட்டுத் தோட்டத்துக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஜனவரியில் சில இலைகளில் பழுப்புப் பொட்டுகள் வந்தன. தொட்டால் விரலில் செங்கல் தூள் ஒட்டியது. துரு நோய், பூஞ்சையால் வருவது. கோதுமைத் துருவுக்கும் நம் பக்கத்து மலைகளுக்கும் பழைய உறவு இருக்கிறது. நீலகிரியிலும் பழனி மலையிலும் குளிர் இருப்பதால் தண்டுத் துரு அங்கே கோடையையும் தாண்டிப் பிழைத்துக்கொள்ளும், அங்கிருந்து அதன் வித்துகள் காற்றில் வடக்கே போகும். கே. சி. மேத்தா என்ற தாவர நோயியல் அறிஞர் சுதந்திரத்துக்கு முன்பே இந்த மலைகள்மேல் கைகாட்டியவர். நீலகிரி வெலிங்டனில் மத்திய அரசின் கோதுமை ஆராய்ச்சி நிலையம் 1954-லிருந்து இருப்பதற்குத் துருவும் ஒரு காரணம். சம்பா கோதுமை பொதுவாகத் துருவைத் தாங்கும். வடக்கே காப்லி என்று சொல்வது இதே இனம்தான், அதிலிருந்து தண்டுத் துருவுக்கான எதிர்ப்பை வெளிநாட்டுக்காரர்கள்கூட எடுத்துக்கொண்டார்கள். என் பயிரில் கீழ் இலைகளோடு நின்றுவிட்டது. மருந்து எதுவும் அடிக்கவில்லை.

அறுவடை ஒரு காலை வேலை. மணியைக் கடித்தால் பல்லில் நசுங்காமல் 'டக்'கென்று உடைய வேண்டும், அதுதான் பதம். கருக்கரிவாளால் அறுத்து, தார்ப்பாயில் காயப்போட்டு, தடியால் அடித்தோம்.

இனிமேல்தான் கதை. சப்பாத்திக்கு அரைக்கிற சாதாரணக் கோதுமையை அடித்தால் மணி தனியாகக் கொட்டிவிடும். சம்பா அப்படி இல்லை. அடித்தால் கதிர் துண்டு துண்டாக உடையும், அவ்வளவுதான். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் இரண்டு மணி, சுற்றிலும் தடித்த உமி. நெல்லையாவது நகத்தால் உரித்துப் பார்க்கலாம், இதை உரித்தால் நகம்தான் போகும். தூற்றி எடுத்தபோது உமியோடு 11 கிலோ இருந்தது.

ரைஸ் மில்லில் இவ்வளவு கொஞ்சத்துக்கு மிஷினை ஓட்ட மாட்டேன் என்றார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான், மிஷின் வாய்க்குள்ளேயே ஒரு பங்கு தங்கிவிடும். சிறுதானியத்துக்குச் செய்கிற மாதிரி மிக்ஸி பிளேடின் கூர்மையை டேப் சுற்றி மழுக்கி, விட்டு விட்டு ஓட்டிப் பார்த்தேன். உமி போகிறது, மணியும் உடைகிறது, ஜார் சூடாகிறது. ஒரு படிக்கு ஆகும், 11 கிலோவுக்கு ஆகாது.

அத்தை இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "ஏம்மா, கம்பு குத்துறதை நீ பாத்ததே இல்லையா?" என்றார். கொல்லையில் துளசி வைத்திருந்த கல் உரலைக் காலி செய்யச் சொன்னார். துளசி இப்போது பெயிண்ட் டப்பாவில் இருக்கிறது.

அவர் முறை இது. கோதுமைமேல் கையால் தண்ணீர் தெளித்துப் பிசறிக் கொஞ்ச நேரம் மூடி வைக்க வேண்டும். ஊறக் கூடாது, ஈரம் உமிக்கு மட்டும் ஏற வேண்டும். உமி நெகிழும், உள்ளே மணி கெட்டியாகவே இருக்கும். உரலில் அரைவாசிக்கு மேல் போடக் கூடாது. உலக்கையின் இரும்புப் பூண் இல்லாத பக்கத்தைக் கீழே பிடித்துக் குத்த வேண்டும், பூண் பட்டால் மணி நொறுங்கும். குத்தும்போது மணியை உலக்கை உடைப்பதைவிட, மணியோடு மணி உரசித்தான் உமி கழல்கிறது. "தண்ணி தெளிக்காமக் குத்தினா மணியும் ஒடையும், உமியும் போகாது. ரெண்டும் கெட்ட வேலை" என்றார். பிறகு வெயிலில் உலர்த்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததை மறுபடி உரலுக்கு. மூன்றாவது சுற்றில் முக்கால்வாசி சுத்தமாகிவிடும். மிச்சத்தை விரட்டக் கூடாது, அதைக் கோழிக்குப் போட்டுவிடலாம்.

புடைப்பதற்குக் காற்று தேவையில்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் அத்தை முறத்தைத் தட்டுகிற நேரத்தைக் காற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். காலையில் கிழக்குக் காற்று சீராக வரும்போது வாசலில் நின்று இரண்டு தட்டுத் தட்டினால் உமி தெருத் தாண்டிப் போய்விடுகிறது. எதிர்வீட்டுச் சேச்சி மட்டும் துணி காயப்போடும் நேரத்தை மாற்றிக்கொண்டார், அதற்காக ஒரு டம்ளர் ரவை கொடுத்துச் சரிக்கட்டினோம்.

உமி போக எட்டுக் கிலோ தேறியது. கடையில் வாங்கினால் இதைவிட மலிவு, அதில் சந்தேகமே வேண்டாம். ஆட்டா பாக்கெட் ரேஷனிலேயே கிடைக்கிறது. இந்த மாவில் சப்பாத்தி போட்டால் கடைச் சப்பாத்தி மாதிரி உப்பாது, இழுவை குறைவு. அதனால் மாவாக்குவதையே விட்டுவிட்டேன். திருகையில் உடைத்துச் சலித்தால் பெரியது கஞ்சிக்கு, நடுத்தரம் உப்புமாவுக்கு. வேக நேரம் எடுக்கும், குழையாது. சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்துச் செய்த உப்புமாவை என் வீட்டுக்காரர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். ரவை உப்புமா என்றால் தட்டைத் தள்ளுகிற மனிதர். அல்வாவுக்கு ஊறவைத்துப் பால் பிழிவார்கள், அதற்கு இரண்டு கிலோ போய்விடும். மனசு வரவில்லை.

வைக்கோலை மாட்டுக்குப் போடலாம் என்றிருந்தோம். மீசை வாயில் குத்தும் என்று பால் சொசைட்டியில் சொன்னார்கள், கத்திரிச் செடிக்கு மூடாக்காகப் போட்டாயிற்று.

விதைக்கு ஒரு கிலோ எடுத்துவைத்திருக்கிறேன். அதற்கு உமி எடுக்க வேண்டாம் என்பது பெரிய நிம்மதி. உமியோடு இருந்தால் வண்டும் சீக்கிரம் துளைக்காது. காய்ந்த வேப்பிலை போட்டு மண்பானையில் கட்டியாயிற்று. அத்தைக்கோ உரலைக் கண்டதிலிருந்து கம்பு ஞாபகம்தான். நவம்பருக்கு முன்னால் அந்த இரண்டு சென்டில் ஒரு போகம் கம்பு எடுத்துவிடலாம் என்கிறார். எடுக்கலாம். கம்பை மாவாக இடிக்க உலக்கையின் பூண் உள்ள பக்கம் வேண்டும், எங்கள் உலக்கையில் பூண் ஆடுகிறது. அடுத்த தடவை பொள்ளாச்சிச் சந்தைக்குப் போகும்போது அதைப் பார்க்க வேண்டும்.