கூடு தேறியது, கை மெலிந்தது

வடகடல் அடிச்சேற்றின் காணொளி. நூல் மாதிரி இரண்டு கைகள் மட்டும் வெளியே ஆடுகின்றன.

ஆம்பியூரா. நட்சத்திரமீனுக்கு உறவு. உடல் சில சென்டிமீட்டர் ஆழத்தில் புதைந்திருக்கும். கையை அசைத்து வளைக்குள் தண்ணீரை இறைக்கும். ஆக்சிஜன் உள்ளே போவது இப்படித்தான்.

அமிலத்தன்மை கூட்டிய கடல்நீரில் 40 நாள் வைத்துப் பார்த்தார்கள் (2008-இல் வெளியான ஆய்வு). எல்லோரும் எதிர்பார்ப்பது சுண்ணாம்புக் கூடு கரையும் என்று. கரையவில்லை, கூடியது! விலை? கைத்தசை மெலிந்துபோனது.

கூட்டை மட்டும் எடைபோட்டால் இது தெரியவே தெரியாது.

கை தளர்ந்தால் இறைப்பு என்னாகும்?

போதாக்குறைக்கு, நீரின் அமிலத்தன்மை கூடி பிஎச் இறங்கினால் சேற்றிலுள்ள அம்மோனியா அம்மோனியமாக மாறும். நைட்ரேட் தயாரிக்கும் நுண்ணுயிர்களுக்கு வேண்டியதோ அம்மோனியா. அங்கே நைட்ரேட் குறைந்தால், அதை நைட்ரஜன் வாயுவாக்கும் அடுத்த கூட்டத்துக்கும் வேலை குறையும்.